ஐவர் பலி, நால்வர் மீட்பு

என் அம்மாவுக்குப் பிறகு என்னை உரிமையோடு திட்டிய ஒரே மனுஷி, என் பிலோமிக்கு,

பதுளைக்கு வருகிற ரயில் நின்றுபோன வருஷம் அது. லுணுகலை றோட்டு மூன்று இடத்தில் அறுந்து கிடந்தது. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலம் முடிந்து மூன்று வருஷம். மீரியபெத்தையை மண் மூடிப் பதினோரு வருஷம். மீரியபெத்தைச் சனத்துக்கு என்று நீ இரண்டு சேலையும் ஒரு கொத்து அரிசியும் கட்டிக் கொடுத்து அனுப்பினாய், ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சேலையில் ஒன்று நான் உனக்குத் தீபாவளிச் சந்தையில் வாங்கிக் கொடுத்தது. அதைக் கொடுத்துவிட்டாயே என்று இரண்டு நாள் உன்னோடு பேசாமல் இருந்தேன். பதினோரு வருஷம் கழித்து அதே மண் நம் வாசலுக்கு வந்தது. அந்தக் கார்த்திகை மழையில்தான் நீ போனாய்.

இதை எழுதுவது நான் இல்லை என்று உனக்குத் தெரியும். நான் சொல்கிறேன், கோயிலில் ஹார்மோனியம் வாசிக்கிற மெர்சி டீச்சர் எழுதுகிறார். என் பேச்சை இஸ்திரி போட்டுத்தான் எழுதுவேன் என்கிறார். போட்டுக்கொள்ளட்டும். ஆண்டு நினைவுப் பூசைக்குச் சின்னதாக ஒரு புத்தகம் அடிக்கிறார்கள். செத்தவர்கள் வீட்டுக்கு ஆளுக்கு ஒரு பக்கம். எனக்கு ஒரு பக்கம் போதாது. ஏன் போதாது என்று கடைசியில் தெரியும்.

முதலில் வீட்டு விஷயம். இப்போது நான் இருப்பது பழைய பிள்ளைக்காம்பிராவில். கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுப்போவார்களே, அதே கட்டடம். நடுவில் தகரம் அடித்து நாலு குடும்பத்தை வைத்திருக்கிறார்கள். என் பங்கு ஜன்னல் ஓரம். தகரத்துக்கு அந்தப் பக்கம் நம் சின்னு இருக்கிறாள், அவளுடைய அத்தையோடு. நம் பக்கத்து வீட்டுச் செல்வியின் மூத்தது. நீ ஞானத்தாயாக நின்று ஞானஸ்நானத்துக்குத் தூக்கிப் பிடித்த பிள்ளை. அவளுடைய அப்பன் கொழும்பில் கொத்து ரொட்டிக் கடைக்கே திரும்பிவிட்டான். மாதம் ஒரு தடவை வருகிறான். வந்தால் சரிந்த மலையைப் பார்க்காத பக்கமாகவே உட்காருகிறான்.

கோயில் சுவர் வெடித்துவிட்டது. ஞாயிறு பூசை பள்ளிக்கூட மண்டபத்தில் நடக்கிறது. நீ சின்னப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த அந்தக் கால் ஆடுகிற வாங்குப் பலகையை மண்டப வராந்தாவில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்கள். இப்போது அதில் உட்காருகிறது யார் தெரியுமா? சிரிக்காதே. நான்.

ஃபாதர்தான் கேட்டார். "பிலோமி டீச்சர் எடத்துக்கு ஆள் கெடைக்கிற வரைக்கும் நீங்க பாருங்க சவரிமுத்து. முதல் நன்மைக்கு, முதல் தடவையா நற்கருணை வாங்க, ஒம்பது புள்ளைங்க இருக்கு."

"எனக்கு எழுத்துத் தெரியாதுங்களே, ஃபாதர்."

"கடல்ல வலை போட்ட சீடருங்களுக்கு மட்டும் தெரிஞ்சுதா?"

நாற்பது வருஷம் ஒவ்வொரு சனிக்கிழமையும் பொழுது சாய முன் நீ அந்த ஞானோபதேசப் புத்தகத்தைச் சத்தம் போட்டு வாசித்துப் பார்ப்பாய். நான் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து வெற்றிலை மெல்லுவேன். உனக்குப் புத்தகம் வேண்டியிருந்தது, எனக்கு உன் சத்தம் போதுமாக இருந்தது. கேள்வி எது, பதில் எது, எந்த இடத்தில் நீ மூச்சு வாங்குவாய், எல்லாம் எனக்குள்ளே கிடக்கிறது. புத்தகம் உன்னோடு மண்ணுக்குள் போய்விட்டது. அதனால் இப்போது தோட்டத்துக்கு நான்தான் புத்தகம்.

அதில் ஒரு சொல்லுக்காக நாம் சண்டை போட்டோம். என் சின்ன வயதில் எங்களுக்குச் சொன்னது இரட்சகர். உன் புத்தகத்தில் மீட்பர் என்று மாற்றிவிட்டார்கள். என் வாய்க்கு அது பழகவில்லை. நீ சொன்னாய்: "இரட்சகர்னா எந்தப் புள்ளைக்கு வெளங்கும்? தண்ணிக் கானுக்குள்ள விழுந்த கன்னுக்குட்டிய தூக்கி விடுறமே, அதுதான் மீட்கிறது. அது புள்ளைக்குத் தெரியும்." நீ ஜெயித்தாய். நானும் மீட்பர் என்றே சொல்லப் பழகினேன்.

பலியையும் நீ அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாய். நம் பிள்ளைகளுக்குப் பலி என்றால் முனியாண்டி கோயில் ஆடு. மாலை போட்டு, தலையில் தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலுப்புகிற வரைக்கும் காத்திருப்பதை எல்லாப் பிள்ளையும் பார்த்திருக்கும். நீ கேட்பாய்: "ஆடு தானா போச்சா, இழுத்துக்கிட்டுப் போனாங்களா?" பிள்ளைகள் கத்தும்: "இழுத்துக்கிட்டு!" சிலுவையைக் காட்டுவாய்: "இவரு?" "தானா!" "அம்புட்டுத்தான். அதுதான் வித்தியாசம். அதுக்கு மேல பெரிய பெரிய புத்தகம் எல்லாம் ஃபாதருக்கு." அந்த வயதுக்கு அதைவிட நன்றாக யாரால் சொல்ல முடியும்?

முதல் ஞாயிறு நானும் அப்படியே ஆரம்பித்தேன். இயேசு யார்? நம் மீட்பர். எப்படி மீட்டார்? தன்னைத்தானே பலியாகக் கொடுத்து. எட்டுப் பிள்ளைகள் ராகம் போட்டுச் சொன்னார்கள். சின்னு மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் கோள் சொன்னாள்.

"தாத்தா, இவ சொல்லவே மாட்டேங்குறா."

"ஏன்டா குட்டி?"

"மீட்டா செத்துருவாங்க" என்றாள் சின்னு.

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சொல்லை அவளுக்குள் போட்டது நான்தான், பிலோமி. எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டும்.

மலை இறங்கிய அன்று எனக்கு மூச்சு நின்றுபோகிற மாதிரி இழுத்தது. பாதித் தூரம் தோளிலும் பாதித் தூரம் டிராக்டரிலுமாக என்னைப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சின்னு என் சட்டையை விடவில்லை. அவளைப் பிரித்தெடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. நர்ஸ்மார் அவளையும் என் கட்டிலிலேயே படுக்க விட்டார்கள். மூன்றாம் நாள் பக்கத்துக் கட்டிலில் இருந்த முஸ்லிம் நானா, பதுளையில் சாமான் கடை வைத்திருப்பவர், பேப்பரை விரித்து எனக்காகச் சத்தமாக வாசித்தார். "ஒங்க தோட்டம் போட்டிருக்கு பெரியவரே. ஐவர் பலி, நால்வர் மீட்பு."

நான் கணக்குப் பார்க்கவில்லை. யோசிக்கவில்லை. நால்வர் மீட்பு என்று காதில் விழுந்ததும் நாற்பது வருஷம் கேட்ட உன் சத்தம்தான் கேட்டது. கானிலிருந்து கன்றுக்குட்டியைத் தூக்கிவிட்டார்கள் என்றே நினைத்தேன். அந்தப் பிள்ளையைத் தட்டி எழுப்பினேன். "சின்னு, ஒங்கம்மாவ மீட்டுட்டாங்கடா! நாலு பேர மீட்டுட்டாங்களாம்!" என்று கத்தினேன். அது கட்டிலில் எழுந்து நின்று குதித்தது. "தம்பியும்?" என்று கேட்டது. "தம்பியும்" என்றேன். "டீச்சரும்?" "டீச்சரும்தான்."

நானாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. அவர் மெதுவாக என் கையைப் பிடித்தார். "பெரியவரே, அது உசிரோட இல்ல. மையித்தத்தான் எடுத்திருக்காங்க. பேப்பர்க்காரன் பாஷை அது." குரலை அவர் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனாலும் பிள்ளைகளின் காது உனக்குத் தெரியாதா?

மீட்டது செல்வியை, கைப்பிள்ளையை, பக்கத்துக் காம்பிரா சின்னசாமியை, அவர் பெண்சாதி மாரியாயியை. நாலு பெட்டி. ஐந்தாவது ஆளான உன்னை மீட்கவில்லை. அம்மாவை மீட்டுவிட்டார்கள் என்று குதித்த பிள்ளை, அடுத்த நாள் ஒரு பெட்டிக்கு முன்னால் நின்றது. அழவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வையை எந்தப் பாவசங்கீர்த்தனத்தில் போய்ச் சொல்வது?

அதனால்தான் அவள் வாய் திறக்கவில்லை. தனியாகக் கூப்பிட்டு, பிஸ்கட் கொடுத்துக் கேட்டேன். "மீட்பர்னு ஒரே ஒரு வார்த்தைதானே குட்டி, சொன்னா என்ன?"

"சொன்னா டீச்சரையும் மீட்டுருவாங்க."

அப்போதுதான் விளங்கியது. உன்னை எடுக்காத வரைக்கும் நீ சாகவில்லை, அவள் கணக்கில். உன்னைக் காப்பாற்றுவதற்காகத்தான் அந்தப் பிள்ளை மீட்பரை வேண்டாம் என்கிறது.

ஃபாதரிடம் சொன்னேன். அவர் நல்ல மனுஷன், கோபப்படவில்லை. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. "நம்மள மீட்டது யாருன்னு தெரியாத புள்ளைக்கு எப்படி நன்மை குடுக்கிறது? இந்த வருஷம் விட்டுட்டு அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றார். அப்புறம் யோசித்துவிட்டு, "நீங்க ஒண்ணு செய்யுங்க. பிலோமி டீச்சர் என்ன செஞ்சாங்கன்னு அவளுக்கு எடுத்துச் சொல்லுங்க. அவ அம்மாவையும் தம்பியையும் காப்பாத்த ஓடிப்போய் உயிரக் குடுத்தாங்க. அதுதான் பலி, அதுதான் மீட்புன்னா புள்ளைக்கு வெளங்கிரும்" என்றார்.

சரி என்று சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

மெர்சி டீச்சர் பேனாவை நிறுத்திவிட்டார். "இதையும் எழுதணுமா, சவரிமுத்தண்ணே? ஊரே படிக்கும்" என்கிறார். எழுதுங்க டீச்சர். ஒரு பக்கம் போதாது என்றது இதற்குத்தான்.

அன்று காலை வேலைப் பெரட்டுக்கு ஆள் கூப்பிடவில்லை. அவ்வளவு மழை. மேலே தேயிலைக்குள் நிலம் பிளந்திருக்கிறது, எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு இறங்குங்கள் என்று கிராம சேவகர் ஆள் அனுப்பியிருந்தார். கடைசி மூன்று காம்பிராவில் ஏழு பேர். சின்னசாமி கோழிகளைக் கூடையில் அடைத்துக்கொண்டிருந்தார், மாரியாயி பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். செல்வி கைப்பிள்ளைக்குத் துணி மாற்றிவிட்டு வருகிறேன் என்று சின்னுவை உன் கையில் கொடுத்தாள். நீ, நான், சின்னு மூன்று பேரும் மதகு வரைக்கும் வந்துவிட்டோம். அங்கே எனக்கு இழுப்பு ஆரம்பித்தது. ஸ்டோரில் தேயிலைத் தூசி குடித்த நெஞ்சு. மடியைத் தடவினேன். மூச்சுக்கு அடிக்கிற பம்ப்பைக் காணோம். மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தது அப்படியே இருக்கிறது.

"பம்ப்ப விட்டுட்டேன்டி" என்றேன். அத்தோடு நிறுத்தினேனா? "ஓடிப்போய் எடுத்துட்டு வா, சீக்கிரம்" என்றேன். என் வாயால் சொன்னேன்.

நீ திட்டினாய். "இந்த ஒண்ணக்கூட ஒங்களால எடுத்துக்கிட்டு வர முடியலயா? ஒங்க மூச்சையும் நாந்தான் தூக்கிக்கிட்டுத் திரியணும். புள்ளய புடிங்க." சின்னுவின் கையை என் கையில் வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மழைக்குள் திரும்பி ஓடினாய். அதுதான் நான் உன்னைக் கடைசியாகப் பார்த்தது.

அப்புறம் மலை ஒரு தடவை இருமியது. நான் தூசியில் இருமுவேனே, அப்படி ஒரு சத்தம். எங்கள் லயத்து வீட்டு வரிசையின் அந்த மூலை இல்லை.

நீ திரும்பி ஓடியதைக் கீழேயிருந்து ஆட்கள் பார்த்திருக்கிறார்கள். செல்வியை எடுக்கத்தான் ஓடினாள் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். முப்பதாம் நாள் பூசையில் ஃபாதர் அதையே பிரசங்கத்தில் சொன்னார். சனம் அழுதது. நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். அடக்கத்தால் குனிந்திருக்கிறேன் என்று பக்கத்தில் இருந்தவன் முதுகைத் தடவினான்.

இந்தப் பொய்யை நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் என் குற்றம். அதிலும் எனக்கு ஒரு சாக்கு இருந்தது. உன் பெயருக்கு அது ஒரு பெருமை. சின்னுவுக்கோ, தன் அம்மாவுக்காக ஒரு ஆள் ஓடியிருக்கிறது என்ற ஆறுதல். உண்மையைச் சொன்னால் இரண்டும் போகும். மிஞ்சுவது என்ன? ஒரு கிழவனுடைய பம்ப்.

அடுத்த ஞாயிறு வந்தது. வாங்கில் உட்கார்ந்தேன். ஃபாதர் சொன்னபடி ஆரம்பித்தேன். "நம்ம பிலோமி டீச்சர் இருக்காங்கல்ல, அவங்க..." அதற்கு மேல் வரவில்லை. ஏனென்றால் ஒன்பது பிள்ளைகளில் ஒன்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. மதகடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை அது. அதற்கும் காது இருந்தது என்பதை இத்தனை மாதம் நான் எப்படி மறந்தேன்?

"டீச்சர் தானா போனாங்களா, தாத்தா?" என்று கேட்டாள் சின்னு. உன் கேள்வி. உன் குரல் மாதிரியே.

"நான்தான் போகச் சொன்னேன்" என்றேன். "எனக்கு மூச்சு இழுத்துச்சு. பம்ப் எடுக்கப் போகச் சொன்னேன்."

"தெரியும். நான் கேட்டேன்."

"யாருகிட்டயாவது சொன்னியா?"

தலையை ஆட்டினாள், இல்லை என்று. நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒரே மூட்டையை ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறோம்.

அந்தோணி மகன் ஒருத்தன் இருக்கிறான், வாய் நிற்காது. "அப்ப டீச்சர தாத்தா இழுத்துக்கிட்டுப் போன மாதிரிதானே? ஆடு மாதிரி?" என்றான்.

சின்னுதான் அவன் பக்கம் திரும்பினாள். "ஆடு திட்டாது. டீச்சர் திட்டிக்கிட்டே போனாங்க."

இதை நான் எத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், பிலோமி. நீ தானாகப் போனாயா, நான் தள்ளினேனா? ஐம்பது வருஷமாக நான் கேட்டதையெல்லாம் திட்டிக்கொண்டேதான் செய்திருக்கிறாய். குடிக்கச் சாயத் தண்ணீர் கேட்டாலும் திட்டுவாய், கொண்டுவந்தும் வைப்பாய். அதெல்லாம் தானாகச் செய்ததா, என்னை விட்டால் வேறு வழியில்லை என்று செய்ததா? உயிரோடு இருக்கும்போது ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

சின்னு விரலை மடக்கி ஏதோ யோசித்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப எங்கம்மாவுக்காக யாருமே போகலயா, தாத்தா?"

நான் பயந்துகொண்டிருந்த கேள்வி இதுதான். ஆறுதலைப் பிடுங்கிக்கொண்டேன் என்று தெரிந்தது. உன் புத்தகத்தில் இதற்குப் பதில் எங்கே இருக்கிறது என்று எனக்குள்ளே ஓடி ஓடித் தேடினேன். கேள்வி பதிலில் இல்லை. தினம் சொல்கிற விசுவாசப் பிரமாணத்தில், யாரும் நின்று பார்க்காத ஒரு சின்ன இடத்தில் இருந்தது. சிலுவையில் அறையுண்டு, மரித்து, அடக்கம் செய்யப்பட்டு. அதற்கு அடுத்த சொல். பாதாளத்தில் இறங்கி.

"ஒருத்தர் போனாரு" என்றேன்.

"யாரு?"

"யாருக்காக ஒருத்தரும் போகலயோ, அவங்களுக்காகப் போறவரு. எறங்கிப் போறவரு. நம்ம தெனம் சொல்றமே, பாதாளத்தில் எறங்கின்னு."

"பாதாளம்னா?"

"அடி மண்ணு."

"பெக்கோ தோண்டுன எடத்துக்கா?" மண் தோண்டுகிற அந்த மஞ்சள் மெஷினைப் பிள்ளைகள் மறக்கவில்லை.

"பெக்கோவால போக முடியாத எடத்துக்கு."

"தானா போனாரா?"

"தானா போனாரு. யாரும் போகச் சொல்லல."

"டீச்சர்கிட்டயும் போனாரா?"

பன்னிரண்டு நாள் தோண்டினார்கள், பிலோமி. பதின்மூன்றாம் நாள் ஆர்மிக்கார ஐயா தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து, இனிமேல் தோண்டினால் மேலே இருக்கிறதும் வந்துவிடும், நிறுத்துகிறோம் என்றார். நான் தலையாட்டினேன். ஆமாம், உன்னைத் தோண்டுவதை நிறுத்தச் சொல்லித் தலையாட்டியதும் நான்தான். அதெல்லாம் ஞாபகம் வந்தது.

"போயிருப்பாரு" என்றேன். "ஆனா அவரு மீட்கிறது பேப்பர்க்காரன் மீட்கிற மாதிரி இல்லடா. அவரு எடுத்தா உசிரோட எடுப்பாரு."

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. நான் நம்பினேனா என்று கேட்டால், உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், பாதிதான். எழுபது வருஷமாக அவர் நமக்காகப் பலியானார் என்று பாட்டு மாதிரிச் சொல்லியிருக்கிறேன். நமக்காக ஒருத்தர் செத்தால் அதை வாங்கிக்கொண்டு உயிரோடு இருப்பது எப்படி இருக்கும் என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை. சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அடுத்தவர் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிற மாதிரி இருக்கிறது, ஒவ்வொரு மூச்சும். ஆஸ்பத்திரியில் புதுப் பம்ப் கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவை அதை வாயில் வைக்கும்போதும் உன் திட்டு கேட்கிறது.

முதல் நன்மைக்கு முந்தின நாள் ஃபாதர் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கேள்வி கேட்டார். நான் சுவரோரம் நின்றேன். சின்னுவின் முறை வந்தது.

"இயேசு யார், மகள்?"

அவள் செருப்பைப் பார்க்கவில்லை. நேராக ஃபாதரைப் பார்த்தாள்.

"பெக்கோ நின்ன பெறகும் எறங்கிப் போறவரு."

ஃபாதர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இது புத்தகத்தில இருக்கா, சவரிமுத்து?"

"இல்லைங்க, ஃபாதர்."

அவர் கண்ணாடியைக் கழற்றி, அங்கியில் துடைத்து, திரும்பவும் போட்டுக்கொண்டார். பிறகு அவள் தலையில் கையை வைத்தார். "நாளைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வா" என்றார்.

மீட்பர் என்ற சொல்லை அவள் இன்னும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. உன்னை எங்கள் இரண்டு பேரில் ஒருத்தராவது உயிரோடு வைத்திருக்கட்டுமே.

மற்ற நாலு பேருக்கும் குழி இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது. உனக்குச் சரிவில் ஒரு சிவப்புப் பலகைதான். அபாயம், உள்ளே போகாதே என்று எழுதியிருப்பதாக மெர்சி டீச்சர் சொன்னார். எழுத்துத் தெரியாதவனுக்கு அது உன் கல்லறைப் பலகை மாதிரித்தான் தெரிகிறது. மேலே புல் முளைத்துவிட்டது. உன் மிளகாய்ச் செடி ஒன்று எப்படியோ மேலே வந்து காய்த்திருக்கிறது. பறிக்கவில்லை.

ஆகவே இதைப் படிக்கிற தோட்டத்துச் சனமே, ஃபாதரே, கேட்டுக்கொள்ளுங்கள். பிலோமினா ஓடியது செல்விக்காக இல்லை. எனக்காக. அவளுக்காக அழுதவர்கள் அந்த அழுகையைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக இருந்தால் வாங்கிக்கொள்ளலாம். நான் அவளை உங்கள் முன்னால் சின்னதாக்கிவிட்டேனா, பெரிதாக்கினேனா, எனக்குத் தெரியவில்லை.

பிலோமி, உனக்கு ஒரு சத்தியம். ஆடுகிற அந்த வாங்கில் என்னை உட்கார வைக்கிற வரைக்கும், ஒவ்வொரு வருஷமும் வருகிற பிள்ளைகளிடம் பலி என்ற பாடம் வரும்போது முனியாண்டி ஆட்டையும் சொல்வேன், இதையும் சொல்வேன். டீச்சர் எனக்காகப் போனாள், திட்டிக்கொண்டே போனாள், நான்தான் போகச் சொன்னேன் என்று. பிள்ளைகள் என்னை என்ன நினைத்தாலும் சொல்வேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முதல் நன்மை அன்று ஃபாதர் ஒவ்வொரு பிள்ளையாக ஞானஸ்நானப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். உன் பெயர் கேட்டது. நான் எழுந்து நின்றுவிட்டேன். நின்ற பிறகுதான், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பிள்ளை எனக்கு முன்னால் நடந்து போவதைப் பார்த்தேன். ஞானத்தாய் தன் பெயரையே பிள்ளைக்கு வைத்தாளே, என்ன ஆசை இது என்று சின்னுவின் ஞானஸ்நானத்தன்று உன்னைக் கேலி செய்தவன் நான்தான். அந்த மூன்று காம்பிராவில் மலை இறங்கிய அன்று விடிந்தபோது ஏழு பேர் இருந்தோம். ஐந்து பேர் போய்விட்டீர்கள். நான் எவ்வளவு நாளைக்கு? அதற்குப் பிறகு, நீ மதகடியில் என்னைத் திட்டியதைக் கேட்டவர்களில் உயிரோடு இருக்கப்போவது ஒரே ஒரு ஆள். அவள் பெயர் பிலோமினா.

உன் மூச்சில் இருக்கிற உன் வீட்டுக்காரன்,
சவரிமுத்து